நான்கு பச்சை விளக்குகள்

"டிஸ்க் வரிசையைக் காணவில்லை" என்று சர்வர் பெட்டி திரையில் காட்டியதும், அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ரீஸ்டார்ட் ஓடிப்போய் அறைக் கதவைச் சாத்தினார். எந்தக் கோளாறுக்கும் அவர் சொல்லும் ஒரே மருந்து "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பதுதான் என்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் அது. பத்து நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார். மெயில் எதையும் பார்க்கவில்லை. படிக்காமல் விட்டால் பாதி மெயில் தானாகவே தீர்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. நேரே சர்வர் அறைக்குப் போய், பெட்டியை இயக்கும் ஃபர்ம்வேருக்குப் புதுப் பதிப்பை ஏற்றினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அது கட்டட வரைபட அலுவலகம். பதினோரு வருடப் படங்களும் பெட்டியின் நான்கு டிஸ்க்கில்தானே என்று பதறினார். நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்க்க வருகிறார்கள். போன தடவை ஒரு ஃபோல்டர் தொலைந்தபோதே முதலாளியம்மா குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க வீட்லயே இருந்துக்கலாம்."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். கூடத்தில் எல்லோரும் நிம்மதியாக வரைந்துகொண்டிருந்தார்கள். திறந்து வைத்த படம் திரையில் இருக்கும், மூடித் திறக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நிம்மதியே அவரைப் பயமுறுத்தியது.

மூன்றாவது டிஸ்க் செத்ததாகப் பெட்டி காட்டியது. ஒன்று போனாலும் இந்த வகைப் பெட்டி ஓடும், இரண்டு போனால் படுத்துவிடும். அவசரத்தில் தவறுதலாக இரண்டாவதை உருவிவிட்டார். திரும்பச் செருகியும் பெட்டி அதை ஏற்கவில்லை. உதவி எண்ணில் பேசியவர், அதே அளவில் இரண்டு நல்ல டிஸ்க் போட்டால் பிழைக்கும் என்றார்.

கீழ்த்தட்டில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. விடுப்புக்கு முன் அவரே ஆர்டர் போட்டது. வேலைவெட்டி இல்லாததுபோல் விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவிப் பழையதில் செருகினார். "இதில் உள்ளவை அழியும், சம்மதமா?" என்றது திரை. புது டிஸ்க்கில் என்ன இருந்துவிடப் போகிறது? சம்மதித்தார்.

சாவி வைத்திருக்கும் காவலாளி தலையை நீட்டி, "சார், அந்தப் பெட்டி..." என்று இழுத்தார்.

"அப்புறம் பேசலாம். கதவைச் சாத்திட்டுப் போங்க."

முதல் டிஸ்க் ஏறவே மூன்றே முக்கால் ஆகிவிட்டது. அதற்குள் பத்து நகத்தையும் கடித்துத் தீர்த்திருந்தார். இரண்டாவது டிஸ்க்கையும் உருவியதும் புதுப் பெட்டி கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஊரைக் கூட்டிவிடுமே என்று அதன் மின்கம்பியைப் பிடுங்கினார். அந்த டிஸ்க்கையும் செருகியதும் பழைய பெட்டி, இந்தத் தடவை கொஞ்சமே யோசித்து, நான்கு விளக்கையும் பச்சையாக்கியது.

கண் கலங்கிவிட்டது அவருக்கு. சிரித்தபடியே கூடத்துக்கு வந்தார். எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒரு திரையிலும் படம் இல்லை. வாசலில் ஆஸ்பத்திரிக்காரர்களின் கார் வந்து நின்றது.

"பதறாதீங்க. எல்லாம் திரும்ப வந்துருச்சு," என்றார்.

"எது திரும்ப வந்துச்சு?" என்றார் முதலாளியம்மா. "அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் எல்லாம் நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு."

காவலாளி தொண்டையைச் செருமினார்.

"அதைத்தான் சார் காலையிலயே சொல்ல வந்தேன். நீங்க லீவுல இருந்தப்பவே படத்தையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாத்தியாச்சு. பழசைத் துடைச்சுக் காலி பண்ணி, எடைக்குப் போடச் சொல்லிட்டாங்க."