பெருவுக்குக் கிளம்பிய பொன்னி அரிசி

அரசு ஊழியர் வெளிநாடு செல்ல, உரிய அலுவலரிடம் முன்அனுமதி பெற வேண்டும். இந்த விதியைக் காட்டி எத்தனையோ பேரின் பயணத்தை நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. ஓய்வு பெற்றபின் அந்த உரிய அலுவலர் என் மனைவி கோமதிதான் என்பது மட்டும் உறைக்கவில்லை.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டை ஒரே ஒரு முதுகுப்பையோடு நான்கு வாரம் சுற்றுவதாகத் திட்டம். பேருந்து, விடுதி, மலையேற்றம் எல்லாவற்றையும் ரகசியமாக முடிவு செய்துவிட்டு, கடைசியில் கோமதியிடம் பின்னேற்பு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். (பணியில் இருந்தபோது யாராவது இப்படிச் செய்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன்.)

அங்கே மலைகள் உயரம்; நடந்தால் மூச்சு வாங்கும். பழக வேண்டாமா? சமையலறையிலிருந்த பொன்னி அரிசியைப் பையில் திணித்து, முதுகில் மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் மயிலாப்பூரிலிருந்து நொச்சிக்குப்பம் கடற்கரை வரை நடந்தேன். அதற்குமேல் முதுகு ஒத்துழைக்க மறுத்தது. ஒரு படகோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மீன் கூடையை இறக்கிய அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா நைனா, ஊட்ல சண்டையா? மூட்ட முடிச்சோட வந்து குந்திக்கினு கீற?”

“சண்டையெல்லாம் இல்லம்மா. இது பயிற்சி.”

“எல்லா ஆம்பளையும் இப்டித்தான் சொல்றான். ரோசத்த வுட்டுட்டு ஊட்டுக்குப் போ.”

அந்த நேரம் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த கோமதியின் தம்பி ரமணி இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அக்காவுக்குப் போன் போட்டான். நான் வீடு சேர்வதற்குள் கூடம் நிறைய உறவினர். காபி இரண்டாம் சுற்றில் இருந்தது.

“அத்திம்பேர், சன்னியாசமெல்லாம் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது,” என்றான் ரமணி.

கோமதி என் பையைத் திறந்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

“சன்னியாசிக்கு எதுக்குடா இவ்வளவு அரிசி? கார்த்தாலேர்ந்து இதைத்தான் தேடிண்டிருக்கேன். வந்தவாளுக்கெல்லாம் இன்னிக்கு உப்புமாதான்.”

வேறு வழியில்லாமல் பெருவைப் பற்றிச் சொன்னேன். ரமணி பெருமூச்சு விட்டான்.

“இதுக்கு சன்னியாசமே தேவலை.”

நான் கோமதியைப் பார்த்தேன். “யோசிச்சுச் சொல்றேன்,” என்று அரிசியோடு உள்ளே போய்விட்டாள். என் பணிக்காலம் முழுவதும் பிறருக்கு நான் சொன்ன வாக்கியம் அது. அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும்.

நினைவூட்டல் அனுப்புகிறவனின் கோப்பு அடுக்கின் அடிக்குத்தான் போகும் என்பதும் தெரியும். ஆகவே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இதற்கிடையே, உறவில் யார் வீட்டில் அரிசி தீர்ந்தாலும், “அத்திம்பேர் பெருவுக்குக் கிளம்பிட்டாரா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றுவரை கேட்கிறார்கள்.

பதிலும் வந்தது. பூஜையில் அடுக்கிய புத்தகங்களின் உச்சியில் என் பாஸ்போர்ட் இருந்தது. அதன் மேல் அவளுடைய பாஸ்போர்ட். இரண்டிலும் சந்தனம்.

பதில் கிடைத்த தேதி: சரஸ்வதி பூஜை.