பட்டாணி உரிக்கும் நேரத்தில் இரண்டு பிராசசர்கள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு கணினிகளும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் அளவாகக் குறை சொல்லிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள். அதனால் அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய புதுக் கணினி பத்திரமாக வந்து சேர்ந்தது. "ஒரே படத்தை ரெண்டுலயும் ஓட்டிப் பாருங்கப்பா. புது பிராசசர் பிடிக்கலன்னா கடைக்காரர் மாசக் கடைசிக்குள்ள திருப்பி எடுத்துக்குவார்" என்றாய் அல்லவா, அந்தச் சோதனையை முறையாகத்தான் ஆரம்பித்தேன். நீ படிக்கும்போது உன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த பழசுக்குப் 'பெரியவன்' என்றும் புதுசுக்குச் 'சின்னவன்' என்றும் பெயர் வைத்து, இரண்டையும் ஒரே பிளக் பாயிண்டில் செருகினேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா இஸ்திரிப் பெட்டியைப் போட, வீடே இருட்டாகி, மாடி வீட்டுக்காரர் டார்ச்சோடு இறங்கி வந்து, போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மறுநாள், நான் தெரிந்தவர்களுக்கு வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வீடியோக்களில் சின்னதான ஒரு பிறந்தநாளைப் பெரியவனிலும் நீளமான பள்ளிக்கூட விளையாட்டு விழாவைச் சின்னவனிலும் ஓட்டிவிட்டு, முடிவை எழுதப் பேனாவையும் திறந்துவிட்டேன். "ஒருத்தனுக்குப் பஞ்சு மூட்டை, இன்னொருத்தனுக்குக் கல்லு மூட்டை. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!" என்றாள் உன் அம்மா. பேனாவை மூடினேன்.

கடைசியில் பிறந்தநாள் வீடியோவையே இரண்டிலும் ஓட்டினோம். எனக்குப் பெரியவனின் வழக்கம் தெரியும். வெட்டி ஒட்டின படத்தை முழுசாக எடுத்துக் கொடு என்று பட்டனைத் தட்டினால், மாவு மில் மாதிரி இரைந்துகொண்டு, மேலே காயப்போட்ட காலுறைகளை உலர்த்திக்கொண்டு, நிதானமாக வேலை செய்வான். ஓடுகிற திரையையே பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பது உன் அம்மாவின் உத்தரவு. ஆகவே நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவேன். அவள் பட்டாணிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு எதிரே உட்காருவாள். நடுநடுவே நான் "ஆச்சா?" என்பேன். "இன்னும் ஓடுது, உட்காருங்க" என்பாள். வேலை முடிந்தால் மணி அடிக்க வேண்டும், ஆனால் பெரியவனுக்கு ஸ்பீக்கர் எப்போதோ போய்விட்டதால் அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கும் கூடை காலியாகி, துணியெல்லாம் மடித்து முடித்த பிறகுதான் "ஆச்சுங்க" என்றாள்.

அடுத்துச் சின்னவன். பட்டனைத் தட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பினேன். அவள் முதல் பட்டாணியைத்தான் பிளந்திருப்பாள், 'டிங்' என்று மணி அடித்தது. "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான் போல" என்று கூடையோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். படம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. எனக்குத்தான் ஏதோ பறிபோன மாதிரி இருந்தது.

உன்னிடம் சொல்வதற்கென்ன? நீ போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுவது பெரியவன் ஓடும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் "கேஸ் சொல்லியாச்சா", "குழாயை மூடினீங்களா" என்கிற அளவோடு சரி. கல்யாணமான புதிதில் என் மீசையைப் பார்த்து அவள் பயந்தாள் என்பதும், முழங்கால் வலியை மறைத்துக்கொண்டுதான் அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போகிறாள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் பட்டாணிப் பேச்சில் வந்ததுதான். அதற்கப்புறம் துணி காயப்போடுவது என் வேலை. எனக்கு அந்த நேரம் வேண்டும், கண்ணு. சும்மா வந்து உட்கார் என்று கூப்பிட வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் என்ன பேச்சு என்று சிரித்துவிடுவாளோ என்று பயம்.

ஆகவே என் தீர்ப்பு: வேகத்தில் சின்னவன்தான் ராஜா, பெரியவன் அவன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. தயவுசெய்து சின்னவனைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல். மனசு கோணாதே. மாப்பிள்ளையிடம் மின்சாரம் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடு. நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நடுநடுவே உங்கள் கணினியும் கொஞ்சம் மெதுவாக ஓட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: அம்மா எழுதுகிறேன். கடித உறையெல்லாம் என் அலமாரியில் இருப்பதை அப்பா மறந்துவிட்டார்; உறைக்கு என்னிடம் வந்தார், ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். புதுசைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பழசு அவர் சொல்கிற அளவுக்கு ஒன்றும் மந்தமில்லை. பாதிக் கூடை உரிப்பதற்குள் அது வேலையை முடித்துவிட்டுச் சும்மா இரைந்துகொண்டிருக்கும். திரைக்கு எதிரே இருப்பது நான்தானே, "இன்னும் ஓடுது" என்று சொல்லிவிடுவேன். கண் கெட்டுவிடும் என்று சொன்னதும் அதற்குத்தான். புதுசில் அந்த மணிச் சத்தத்தை நிறுத்த எங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் எனக்குத் தனியாகச் சொல். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.