முதுமக்கள் தாலி

தமிழுக்கே சிறப்பு ழகரம்தான் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். இருக்கட்டும். அந்தச் சிறப்பு எனக்கு வாய்க்கவில்லை. வாழைப்பழம் என் வாயிலிருந்து வாலைப்பலமாகத்தான் வெளியே வரும். ஆதம்பாக்கத்தில் அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. (பழக்காரருக்குப் புரிந்தால் போதாதா?) ஆனால் தலையெழுத்து, நான் தொல்லியல் படித்தேன். அதிலும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், முதுமக்கள் தாழி.

தாழி என்றால் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய மண்பானை. இரும்புக்காலத்தில் இறந்தவரையோ, அவருடைய எலும்புகளையோ அதற்குள் வைத்து, கூடவே அரிசி, சின்னக் கலயங்கள், மணிகள் எல்லாம் போட்டுப் புதைத்தார்கள். போகிற இடத்திலும் ஒரு வாழ்க்கை உண்டு, வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. சில ஊர்களில் மேலே பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டும் வைத்தார்கள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பெண் வீட்டாருக்கோ இது சுடுகாட்டு வேலை. தொண்ணூறுகளின் நடுவில், முப்பது வயதாகியும் என் ஜாதகம் நகராததற்குக் காரணம் செவ்வாய் இல்லை, இந்தப் பானைதான்.

ஆகவே மயிலாப்பூரில் சுமதியைப் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோவில் ஏறும் முன்பே அம்மா கண்டித்துச் சொல்லிவிட்டாள்.

"எலும்பு, பொணம், குழி, சாவு. இதுல ஒண்ணு உன் வாயில வந்துச்சு, இந்த ஜென்மத்துல உனக்கு நான் பொண்ணு பார்க்க மாட்டேன்."

போட்டோவைப் பார்த்ததிலிருந்தே எனக்குச் சுமதிதான் என்று முடிவாகியிருந்தது. (அவள் அதில் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அதில்தான் கவிழ்ந்தேன்.) அம்மா சொன்ன வார்த்தைகளைத் தொடாமலே என் துறையை விளக்கிவிடலாம் என்று எனக்கு அசாத்திய நம்பிக்கை.

சுமதியின் அப்பா தி.நகரில் ஒரு நகைக்கடையில், தாலி விற்கும் பிரிவிலேயே வேலை பார்த்து மூத்தவர். என் வேலையைப் பற்றித் தரகர் முன்பே அவரிடம் சொல்லியிருந்தார். தரகருக்குச் சொன்னது நான்தான், அதுவும் போனில். அவர் அங்கே போய், "மாப்ள பெரிய ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறாரு சார். முதுமக்கள் தாலியாம்" என்று போட்டு வைத்திருக்கிறார். முதுமக்களுக்குத் தாலி என்றால் அறுபதாம் கல்யாணம்தானே? சுமதியின் அப்பாவுக்கே வருகிற தை மாதம் அறுபது நிறைகிறது. மனிதர் குளிர்ந்து போயிருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

காபி முடிந்ததும் ஆசையாக ஆரம்பித்தார். "தம்பி, இந்த முதுமக்கள் தாலி எல்லாம் ஒரே அளவா இருக்குமா?"

இவருக்கும் ழகரம் வராது போலிருக்கிறது என்று எனக்குப் பாசமே வந்துவிட்டது.

"ஆளைப் பொறுத்தது சார். குழந்தைங்களுக்குச் சின்னதா பண்ணுவாங்க."

"கொழந்தைங்களுக்குமா?" முகம் வாடியது. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

எத்தனை பவுன் வரும் என்று கேட்டார். பவுனெல்லாம் இல்லை, சுட்ட மண்தான் என்றேன். பாவம், இல்லாத ஜனங்கள் என்று உச்சுக்கொட்டினார். நம் முன்னோரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க சார். கல்லு வைப்பாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கல்லு வச்சதா? எத்தனை கல்லு?"

"சுத்தி வட்டமா இருபது, முப்பது. ஒவ்வொண்ணையும் நாலு பேர் சேர்ந்தாதான் தூக்க முடியும்."

பையனுக்கு நகைச்சுவை உணர்வும் இருக்கிறது என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அந்த மாதிரிக் கல் எங்கே கிடைக்கும் என்று ரகசியமாக விசாரித்தார். நம்ம பல்லாவரத்திலேயே என்றேன். இத்தனை வருடம் தொழிலில் இருந்தும் பல்லாவரத்துக் கல்லைக் கோட்டை விட்டுவிட்டோமே என்ற கலக்கம் அவர் கண்ணில் தெரிந்தது.

அதற்குள் சுமதியின் அம்மா ஆளுக்கொரு தட்டில் கேசரி கொடுத்துவிட்டுக் கணவர் அருகில் வந்து நின்றார். அவர் மனைவியைக் காட்டிச் சொன்னார்.

"தை மாசம் எனக்கு அறுபது முடியுது தம்பி. எனக்கும் இவளுக்கும் நீங்களே முன்ன நின்னு பண்ணிக் குடுக்கணும்."

தனக்கென்று ஒரு தாழி வேண்டுமென வாயால் கேட்ட மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. என்ன பக்குவம் என்று நெகிழ்ந்துபோனேன். அம்மா தடுத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வராமல், நிதானமாகச் சொன்னேன்.

"அதுக்கென்ன சார், ஜமாய்ச்சிடலாம். உங்க உசரத்துக்கு நாலடி போதும். முழங்காலை மடக்கி உட்கார வச்சு உள்ள எறக்கிடலாம். அம்மாவுக்குப் பக்கத்துலயே தனியா ஒண்ணு. அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் கூடவே போட்டு மூடிடலாம்."

சுமதியின் அம்மா என் கையிலிருந்த கேசரித் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். (பாதிதான் சாப்பிட்டிருந்தேன்.) உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பின்னாலேயே சுமதி வந்தாள்.

"அப்பா, அவர் சொல்றது தாலி இல்ல, தாழி. செத்தவங்கள வச்சுப் புதைக்கிற பானை."

ழகரம் அவ்வளவு அழகாக விழுந்தது. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. அவளுடைய அப்பா என் பக்கம் குனிந்தார். பிறகு தணிந்த குரலில், "என்னை எதுல எறக்கறேன்னீங்க?" என்று கேட்டார்.

திரும்பும்போது ஆட்டோ கோட்டூர்புரம் பாலத்தில் ஏறியது. அம்மா என் பக்கம் திரும்பி, "உனக்கே ஒண்ணு வாங்கி வச்சுக்கோ" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனால்கூட அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன், சுமதி போனதுதான் தாங்கவில்லை.

மறுவாரம் தரகர் வந்தார். பெண்ணின் அப்பா முடியவே முடியாது என்றிருக்கிறார். "பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது தம்பி. எங்கம்மாவுக்கும் பக்கத்துலயே தனியா ஒண்ணுன்னு சொன்னாரே, அந்த மனசு யாருக்கு வரும்னு கேக்குது" என்றார் தரகர். தையில் மாமனாருக்கும், மாசியில் எங்களுக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டிலும் தாலி தங்கம்தான்.

மாமனாருக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் குறுகிட்டேன் மாப்ளே, இப்ப மூணே முக்கால் அடி போதுமில்ல?" என்பார். பேரன் பேத்திகள் வரை அந்தக் கதை மனப்பாடம். போன மாதம் அடையாறில் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"எனக்கென்ன பயம் டாக்டர்? மாப்ள எப்பவோ அளவெடுத்து வச்சிட்டாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பி, தனக்கு ஒரு ஜிப்பா தைக்க எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று கேட்டார்.