பாலத்தில் செத்தவன் செத்தவன்தான்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும்; ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பத்திரிகைக்காரர்கள் கோபிக்காமல் திருத்திப் போட்டுக்கொள்ள வேண்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அதில் பிழை இல்லை.

வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை தேடினாலும், ஒரு கதை முன்னுக்குப் பின் முரணாகப் போனால் சோறு இறங்காத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ஆம்பூர் ஜோடி அண்ணன்.

ஷூ கம்பெனியில் அவருக்குக் கடைசிவரை ஒரே வேலை. இடது கால் ஷூவையும் வலது கால் ஷூவையும் பக்கத்தில் வைத்து, தோலின் நிறமும் தையலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் “ஜோடி சேரல” என்று தூக்கிப் போடுவார். பிறகு வேலையை விட்டுவிட்டு, ரயில்வே கேட் பக்கத்தில் இரண்டு டி.வி. வைத்து வீடியோ கேம் கடை திறந்தார். கண் மட்டும் கம்பெனியிலேயே தங்கிவிட்டது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்து “ஜோடி சேரல” என்று சொல்லி, பாதிப் பந்தியில் எழுப்பி அனுப்பப்பட்டார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் அங்கே போவோம். நான் ஆடமாட்டேன். இந்த வயதில் வெட்கம். பின்வரிசை ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன். அங்கே எல்லோருக்கும் பிடித்தது கோட்டை ஆட்டம். அதன் இங்கிலீஷ் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாது. கேப்டன் என்று ஒருவன், அவனுடைய தோஸ்த் டோரன் என்று ஒருவன். இருவரும் கோட்டை கோட்டையாகப் பிடிப்பார்கள். இரண்டு பாகம் வந்திருந்தது.

மூன்றாம் பாகம் வருவதற்கு முன் அந்தக் கம்பெனியே ஒரு நாவலும் போட்டது. இரண்டாம் பாகத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பது அந்த நாவலில்தான் இருக்கிறதாம். அண்ணன் பி.ஏ. படித்தவர். நாவலை வரவழைத்தார், கடைக்குச் சட்டமும் போட்டார்: தினமும் கொஞ்சம் கதை கேட்டால்தான் ஆட்டம்.

“அண்ணா, சுடுறதுக்கு வந்தோம். ஸ்கூல் வெச்சு பேஜார் பண்ற” என்றான் லோகு. எங்கள் ஷாப்பில் தோல் ஊறும் டிரம்மை ஓட்டுகிறவன். வாய் ஜாஸ்தி.

“இன்னாத்துக்கு சுடுறன்னு தெரியாம சுட்டா அது ஆட்டமாடா? கொலை” என்றார் அண்ணன்.

அவர் இங்கிலீஷைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லுவார். ஒரு வாரத்தில் லோகுவே முதல் ஆளாக வந்து இடம் பிடித்தான். கடைசியில் ஊர் ஜனம் ஆற்றைத் தாண்டும் வரை டோரன் தனியாகப் பாலத்தில் நின்று எதிரிகளைத் தடுத்து, பாலத்தோடு விழுந்து செத்தான். அன்றைக்குக் கடையில் யாரும் ஆட்டம் கேட்கவில்லை. அண்ணன் கடையைப் பூட்டினார்.

மறுநாள் கடை வெளிச்சுவரில் டோரன் படத்தோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தோற்றம்: முதல் ஆட்டம். மறைவு: நாவல், கடைசி அத்தியாயம்.

எதிர் வீட்டு நர்ஸ் அக்கா டியூட்டிக்குப் போகிறவர் நின்றுவிட்டார். “ஐயோ, சின்ன வயசு. வண்டியில போனானா?”

“இல்லக்கா, பாலத்துல” என்றார் அண்ணன்.

“நம்ம பாலாத்துப் பாலத்துலயா?”

“வேற ஆறுக்கா.”

அவர் மாலையில் ஒரு முழம் பூ வாங்கி வந்து போஸ்டரில் செருகிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் அண்ணன் எங்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார். காரியம் முடிந்தது.

அப்புறம் மூன்றாம் பாகம் வந்தது. டி.வி.யைப் போட்டால் முதல் காட்சியிலேயே டோரன் ஆப்பிள் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

லோகுதான் ஆரம்பித்தான். “அண்ணா, நீ காரியமே பண்ணிட்ட. இவன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்.”

“இது டோரன் இல்ல.”

“மூஞ்சி அவனுதுதானே?”

“மூஞ்சி இருந்தா ஆச்சா? அப்போ பாலத்துல செத்தது யாரு?”

“ரெட்டைப் புள்ளயா இருக்கும்.”

“ஒரே புள்ளன்னு நாவல்ல போட்டிருக்கான்.”

“நீந்தி வந்திருப்பான்ணா.”

“நீச்சல் தெரியாதுன்னு ரெண்டாம் பாகத்துல அவன் வாயாலயே சொன்னானே. ஜோடி சேரலடா.”

அந்தக் கம்பெனிக்கு அண்ணன் மெயில் போட்டார். பதில் வந்தது. ஆட்டத்தில் வருவதுதான் நிஜக் கதை, நாவலைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று. எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு லோகு பக்கம் திரும்பினார்.

“லோகு, அவன் செத்தப்போ நீ இன்னா பண்ண?”

“கண்ணுல தூசி வுழுந்துச்சு.”

“ரெண்டு கண்ணுலயுமா? நடக்கவே இல்லன்னு எவனோ எழுதிட்டா, நீ அழுதது அழாததா ஆயிடுமா? நான் ஒத்துக்க மாட்டேன். பாலத்துல செத்தவன் செத்தவன்தான்.”

கடையில் கேலி ஆரம்பித்தது. டோரன் உடம்பு சவுக்கியமா என்று தெருவில் போகிறவனெல்லாம் கேட்டான். பாதிப் பேர் பைபாஸ் பக்கம் இருந்த வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் லோகு பந்தயம் வைத்தான்.

“டோரன் ஒத்தாசை இல்லாம இந்த ஆட்டத்த முடிச்சிக் காட்டு. முடிச்சா அவன் செத்தவன்னு எல்லாரும் ஒத்துக்குறோம். முடியலன்னா நீயே உன் கையால போஸ்டர கிழிக்கணும்.”

“சரிடா” என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஆடினார். டோரன் மருந்து நீட்டினால் வாங்கவில்லை. டோரன் கதவைத் திறந்து பிடித்தால் ஜன்னல் வழியாகப் போனார். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேப்டன் அல்ல, அண்ணன். அப்படியே கடைசிக் கோட்டை வரை போய்விட்டார். கடை வாசல் வரைக்கும் கூட்டம்.

அங்கே கேப்டன் மதில் விளிம்பில் தொங்குகிறான். மேலிருந்து டோரன் கை நீட்டுகிறான். பட்டனை அழுத்தினால் கையைப் பிடிக்கலாம். வேறு வழியே வைக்கவில்லை. அண்ணன் அழுத்தவில்லை. கேப்டன் விழுந்து செத்தான். மறுபடி அதே இடம், அதே கை. மறுபடியும் விழுந்தான். எத்தனையோ முறை.

“அழுத்துண்ணா, ஒரே ஒரு தபா” என்று லோகுவே கெஞ்சினான்.

“செத்தவன் கைய எப்படிடா புடிக்கிறது?”

அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். “தோத்துட்டேன்” என்று சொல்லி, போஸ்டரை நனைத்து உரிக்க ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். லோகு பின்னாலேயே ஓடி, சொம்பைப் பிடுங்கி, மொத்தத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தான்.

“தாகம்” என்றான்.

உள்ளே வந்து கன்ட்ரோலரை எடுத்தான். டோரன் கை நீட்டினான். லோகு கன்ட்ரோலரை மடியில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேப்டன் விழுந்தான். அடுத்தவன் வந்தான், அவனும் விழுந்தான். பைபாஸ் கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவனும் விழுந்தான்.

உலகம் முழுக்க அந்த ஆட்டத்தை முடித்திருப்பார்கள். முடித்துக்கொள்ளட்டும். எங்கள் கடையில் இன்றுவரை ஒருவரும் முடிக்கவில்லை.

அன்றைக்குக் கடைசியாக, என் ஜென்மத்தில் முதல்முறையாக, கன்ட்ரோலர் என் கைக்கும் வந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று காது சுட்டது. டோரன் கையை நீட்டினான். நான் விழுந்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் எனக்குப் பயமே வரவில்லை. பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

எழுதி முடித்தது: ஆடி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை.