ஹவில்தார் தைரியராஜின் இடது கால்

சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி,
9-2-1943

பாசமுள்ள மூத்த அக்காள் வியாகுலம்மாள் அவர்களுக்குத் தம்பி தைரியராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் இடது காலைத் தவிர மற்றப்படி பூரண சுகம். திண்டுக்கல்லில் தாங்களும் மச்சானும் பிள்ளைகளும் எல்லா உறுப்புகளிலும் சுகமாயிருப்பதற்குப் பதில் போடவும்.

காலைப் பற்றி மச்சான் வேறுவிதமாகக் கேள்விப்பட்டிருக்கலாம். குண்டு எதுவும் படவில்லை. எதிரி யாரும் திருச்சி வரைக்கும் வரவில்லை. நானே செய்துகொண்டதுதான்.

டிசம்பரில் பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த நாற்பது பேரை என்னிடம் பயிற்சிக்கு ஒப்படைத்தார்கள். எல்லாரும் முசிறி, லால்குடிப் பக்கத்து வயல்காட்டுப் பிள்ளைகள், செருப்புக்கூடப் போட்டுப் பழகாதவர்கள். அவர்கள் காலில் லாடம் அடித்த பூட்ஸை மாட்டி, முதுகில் மூட்டையை ஏற்றி, முதல் வாரமே தினம் பத்து மைல் நடத்தினேன். மற்ற ஹவில்தார்கள் ஆறு வாரத்தில் முடிப்பதை நான் இரண்டு வாரத்தில் முடித்தால் மேஜர் துரை மெச்சுவார் என்று ஒரு ஆசை அக்கா, வேறென்ன. மூன்றாம் வாரம் பதினாலு பேர் நொண்டினார்கள். காயமும் இல்லை, கட்டியும் இல்லை. கேட்டால், "முழங்காலுக்குக் கீழ எலும்பு குடையுதுங்க ஐயா" என்று எல்லாரும் ஒரே பாட்டு. மருதை என்று ஒருவன், "காலை ஊனவே முடியலைங்க" என்று நடுமைதானத்தில் நின்றுவிட்டான். பொய்நோவுக்காரன், படையிலிருந்து விலக்கவும் என்று மேஜர் துரைக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டேன். "பொய்யன்னு சீட்டோட போனா எங்க ஊரே சிரிக்குங்க" என்று அழுதான். நான் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் முகாம் டாக்டர் ஹபீபுல்லா என்னைக் கூப்பிட்டு, "பதினாலு பேரும் ஒரே பொய்யைச் சொல்ல ஒத்திகையா பார்த்தாங்க? எலும்பும் களைச்சுப்போகும் ஹவில்தார். கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க" என்றார். எனக்கு வீறாப்பு. நாற்பத்திரண்டு வயதுக்காரனுக்கு ஆகிறது இருபது வயதுக்காரனுக்கு ஆகாதா என்று, மூட்டை ஒன்றுக்கு இரண்டாகச் சுமந்துகொண்டு, நொண்டாதவர்களைக் கூட்டிக்கொண்டு தினமும் ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரம் வரை போய்த் திரும்பக் கிளம்பினேன். நாலாம் நாள் காவிரிப் பாலத்தில், இடது முழங்காலுக்குக் கீழே யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. பல்லைக் கடித்தேன். அம்மாமண்டபம் தாண்டியதும் என் "லெஃப்ட்" குரல் கீச்சென்று போயிற்று. கோபுரத்தடியில் பூ விற்ற அம்மாள், "ஏங்க, லெஃப்டுன்னு கத்திட்டு நீங்க ரைட்டுலயே குதிக்கிறீங்களே?" என்று கேட்டாளே பார்க்கவேண்டும்! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வைக்கோல் வண்டியில் என்னைப் படுக்கவைத்து, பின்னால் என் படை தலைகுனிந்து நடந்துவர, மலைக்கோட்டைக் கடைவீதியில் நுழைந்தோம். சவ ஊர்வலம் என்று நினைத்து ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே விரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல். பக்கத்துக் கட்டிலில் மருதை; நொண்டிய பதினாலு பேரையும் டாக்டர் அங்கேயே படுக்கவைத்திருந்தார். என்னைக் கண்டதும் சல்யூட் அடிக்க எழுந்து தடுமாறினான்.

"ஏண்டா, ஆணி அடிக்கிற மாதிரிதானே இருந்துச்சு?" என்றேன்.

"ஆமாங்க ஐயா. நடந்தா ஆணி, படுத்தா குடைச்சல்."

எனக்குக் கண் கலங்கிற்று. வலியினாலும் இருக்கலாம். மறுநாளே மேஜர் துரையிடம் சொல்லி அனுப்பிச் சீட்டைத் திரும்பக் கேட்டேன். அவர் நேரில் வந்து, தப்பு என்னுடையது என்று என் பதிவேட்டில் ஏறிவிடும் என்றார். ஏறட்டும் துரை என்றேன். மருதை படையிலேயே இருக்கிறான். இப்போது டாக்டரும் நானும் சேர்ந்து புதுத் திட்டம் போட்டிருக்கிறோம்: முதல் வாரம் மூட்டையில்லாமல் மூன்று மைல்தான், ஒருநாள் விட்டு ஒருநாள்தான், வலித்தால் பயப்படாமல் சொல்லலாம். அடுத்து வந்த நாற்பது பேரில் நொண்டுகிறவன் ஒருவன்தான். அவனும் குளிக்கும்போது வழுக்கி விழுந்தவன்.

ஆறு வாரம் அசையக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கல் மாதிரி கிடக்கிறேன். ஆகவே தாங்கள் எண்ணெயும் கட்டுத்துணியுமாகப் புறப்பட்டு வர வேண்டாம். மச்சானுக்குத் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லாரையும் நோவு நொடி அண்டாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
அடங்கிக் கிடக்கும் தம்பி,
தைரியராஜ்

பி.கு.: அம்மா, நான்தான் மருதை. ஐயா தபால்ல போடச் சொன்னாங்க, உறை ஒட்டலை, அதான் எழுதுறேன். ஐயா படுக்கவே இல்லைங்க. நேத்து எங்க பதினாலு பேரையும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல வரிசையா நிறுத்தி, கக்கத்துல கவட்டுக்கட்டையோடயே லெஃப்ட் ரைட் போட வெச்சாங்க. திரும்புற இடத்துல எல்லாரும் ஐயா மேலேயே விழுந்துட்டோம். டாக்டர் ஆளுக்கு மூணு வாரம் கூட்டிட்டாரு. அடுத்த ரயிலுக்கே புறப்பட்டு வாங்கம்மா. மேஜர் துரை சொல்லியும் கேக்கலை, இனிமே நீங்க வந்தாத்தான் ஆகும்.