வேலம்மா வீட்டின் பயன்பாடு

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாள் முதல் அதை வாட்டி வந்த கேள்வி ஒன்று உண்டு: வீட்டுக்குள் ஆள் இருக்கிறாரா, இல்லையா? கதவைத் தட்டுவது, "யாரும்மா உள்ள?" என்று குரல் கொடுப்பது, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போன்ற காட்டுமிராண்டி முறைகளை வைத்தே நம் முன்னோர்கள் காலத்தை ஓட்டிவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு அறிவியல் தந்த விடை, பழவேற்காடு ஏரிக்கரையில், சங்குமேடு குப்பத்தில், வேலம்மாவின் வீட்டுக் கூரையில்தான் முதன்முதலாகக் கிடைத்தது. சரித்திரம் இதை மறக்கக் கூடாது. வேலம்மா மறக்கப்போவதில்லை.

புயல் குடிசைகளை வாரிக்கொண்டு போன பிறகு குப்பத்துக்குக் கட்டித் தரப்பட்டவை வெறும் வீடுகள் அல்ல, "அறிவார்ந்த வாழ்விடங்கள்". மற்ற வீடுகளுக்குச் சுவர் உண்டு, கூரை உண்டு. இவற்றுக்கு மூளையும் உண்டு. கூரையில் இட்லி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. கீழே ஆள் அசைந்தால் அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைக் கம்பி இல்லாமலே சென்னைக்குச் சொல்லிவிடும். அங்கே இருக்கிற பெரிய இயந்திரம் யோசித்து முடிவெடுக்கும். கதவுக்குச் சாவி கிடையாது. ஓர் அட்டையைக் காட்டினால் திறக்கும், காட்டாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கவனிக்கவும் ஒரு கருவி வைத்திருந்தார்கள். தண்ணீர் வரவில்லை என்பதை அது ஒரு நாளும் தவறாமல் தெரிவித்து வந்தது.

அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது வேலம்மா எல்லார் எதிரிலும் அழுதாள். அவள் பொன்னேரியில் கூடை வைத்து மீன் விற்கிறவள்; சாமானியத்தில் அழுகிற ஆள் இல்லை. அனுப்பம்பட்டில் கட்டிக்கொடுத்த மகள் அர்ச்சனாவுக்குத் தலைப்பிரசவம். ஐப்பசியில் வந்து இறங்கப்போகிறாள். மழைக்கு ஒழுகாத கூரையின் கீழே பெண்ணையும் பிள்ளையையும் படுக்க வைக்கலாம் என்ற நினைப்பே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. சம்பந்தி வீட்டிலும் வாய் நிறையச் சொல்லி வைத்திருந்தாள்.

இதில் ஒரே ஒரு சிறு குறை. வீடு என்றால் அதற்குள்தான் இருக்க வேண்டும் என்பது சென்னை நிபுணர்களுக்குத் தெரிந்திருந்தது. குப்பத்து மக்களுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறினால் அந்தக் காங்கிரீட் பெட்டி சுட்டுப் பொசுக்கும். ஆகவே வேலம்மாவும் அவள் புருஷன் ராஜவேலுவும் பக்கத்திலேயே ஒரு கீற்றுக் கொட்டாய் போட்டு, அதில் சமைத்து, அதில் சாப்பிட்டு, அதில் தூங்கினார்கள். வீட்டுக்குள் ராஜவேலுவின் வலைகளும் ஒரு கூடை காய்ந்த இறாலும் மட்டும் குடியிருந்தன. மழை வரட்டும், உள்ளே போகலாம் என்பது திட்டம்.

அப்போதுதான் வேலம்மாவின் போனில் செய்தி வந்தது. பக்கத்து வீட்டு இளவரசி அதை உரக்கப் படித்தாள்.

"வணக்கம் வேலம்மா. உங்கள் வீட்டில் நீங்கள் இல்லை. பயன்பாடு: பூஜ்யம். இந்நிலை நீடித்தால் வீடு தகுதியுள்ள வேறொருவருக்கு வழங்கப்படும்."

வேலம்மா கூடையை இளவரசியிடம் தள்ளிவிட்டு ஊர் முகப்பில் இருந்த "மாதிரி வீட்டு"க்கு ஓடினாள்.

மாதிரி வீடு பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மனிதர்கள் எப்படி வாழ வேண்டும் என்று காட்டுவதற்காகக் கட்டப்பட்ட அந்த வீட்டில் மனிதர்கள் வாழ்வதில்லை. ஏசி உண்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா உண்டு, வாடாத பூச்செடி உண்டு. அங்கேதான் "வாழ்விட நுண்ணறிவு ஒருங்கிணைப்பாளர்" ஹரிஹரன் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்பதால் திரையை இழுத்துவிட்டு, அதே ஏரியின் படத்தைக் கணினித் திரையில் வைத்திருந்தார்.

"சார், நான் வூட்ல இல்லனு மெசேஜ் வந்துகீது சார்."

ஹரிஹரன் திரையைப் பார்த்தார். "ஆமாம்மா. நீங்க இல்ல."

"இதோ உங்க எதிர்லயே நிக்கிறேனே சார்."

"இங்க இருக்கீங்க. அதை நான் மறுக்கல. வீட்ல இல்ல."

"வூட்டாண்ட கொட்டாய்ல கீறோம் சார். கைய நீட்னா சுவரு."

"பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் பேர் என்னம்மா? பக்கத்து வீட்டுக்காரங்க. கருவியைப் பொறுத்தவரைக்கும் நீங்க உங்களுக்கே பக்கத்து வீட்டுக்காரங்க."

"நீங்களே வந்து ஒரு தபா பாருங்க சார்."

ஹரிஹரன் பொறுமையாகச் சிரித்தார். "நான் பாத்தா அது என் கருத்தும்மா. கருவி பாத்தாத்தான் தரவு."

வேலம்மா அர்ச்சனாவின் நினைப்பு வந்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டு, "இப்ப நான் இன்னா செய்யணும்?" என்று கேட்டாள்.

"பயன்பாடு காட்டணும். அவ்வளவுதான்."

மறந்துவிடக் கூடாதே என்று வழி நெடுக "பயன்பாடு, பயன்பாடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கோயில் வாசலில் தலைவர் கங்காதரன் எதிர்ப்பட்டபோது, அவள் வாயில் மிச்சம் இருந்தது கடைசிப் பாதிதான்.

"தலைவரே, என் வூட்டுக்குப் பாடு காட்டணுமாம்!"

பாடு என்றால் குப்பத்தில் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. ஏரியில் இறால் விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் வலை கட்டினால் மண்டை உடையும். ஆகவே கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல், வெள்ளைப் பெட்டி இல்லாமல் ஓடுகிற ஏற்பாடு என்பதால் படித்தவர்கள் அதை அவ்வளவாக மதிப்பதில்லை.

கங்காதரன் தாடையைத் தடவிக்கொண்டார். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"இப்பத்தான் விசயமே புரியுது! உன் வூட்டுக்கு பாடே வெக்கலனு சொல்றானுங்க. முறை வெச்சி ஆள எறக்கணும். பயன்பாடுனா இன்னா? பயன் வர்ற பாடு. நம்மள விட்டா அது யாருக்குத் தெரியும்? உஷாரா செஞ்சிடலாம், நீ அழாத."

அன்றைக்கே சீட்டுப் போட்டார்கள். வேலம்மாவின் வீட்டைக் காப்பாற்ற ஊரே திரண்டது. பாடு விழுந்தவர் குளித்து, நல்ல சட்டை போட்டு, அந்த வீட்டுக்குள் போய் வெள்ளைப் பெட்டிக்குக் கீழே அசைய வேண்டும். இளவரசி இறால் உரித்தபடி அசைந்தாள். பெரியவர்கள் சீட்டாடியபடி அசைந்தார்கள். சிலர் உள்ளே நுழைந்ததும் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கம் சார், நான்தான் வந்துகீறேன்" என்று பெயர் சொன்னார்கள். கங்காதரன் தலைவர் என்ற முறையில் கொஞ்சம் ஆடியே காட்டினார்.

ஏரியிலிருந்து திரும்பிய ராஜவேலு வலையை வைக்க உள்ளே போகப் பார்த்தான். வேலம்மா வாசலிலேயே மறித்தாள்.

"உனுக்கு இன்னிக்குச் சீட்டு வுழல. வெளிய நில்லுய்யா."

"இன்னாடி இது பேஜாரா கீது! என் வூட்டுக்குள்ள நான் போறதுக்கு எனக்கே பாடு வரணுமா?"

"முறைனா முறைதான்."

அறிவியலை யாரும் ஏமாற்ற முடியாது. சென்னையில் இருந்த இயந்திரம் எல்லாவற்றையும் கவனித்தது. தினமும் புதுப்புது ஆட்கள்; ஒருவர் போனால் இன்னொருவர். யாரும் சமைப்பதில்லை, யாரும் படுப்பதில்லை. இயந்திரம் யோசித்தது. முடிவெடுத்தது.

"வேலம்மா, உங்கள் வீட்டின் பயன்பாடு: மிகை. அங்கு அனுமதியின்றித் தங்கும் விடுதி நடத்தப்படுவது கண்டறியப்பட்டுள்ளது. விசாரணை முடியும் வரை வீடு மூடப்படுகிறது."

இளவரசி படித்து முடிப்பதற்குள் கதவு 'டிக்' என்று தானே பூட்டிக்கொண்டது. வேலம்மா அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்துக் காட்டினாள். சிவப்புதான். அன்றைக்குப் பாடு விழுந்திருந்தவர் நல்ல வேளையாக வெற்றிலை வாங்க வெளியே வந்திருந்தார்.

மறுபடியும் மாதிரி வீட்டுக்கு ஓடி வந்த வேலம்மாவிடம், "பாத்தீங்களா, எவ்வளவு துல்லியம்!" என்றார் ஹரிஹரன். அவருக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. "ஒரு மனுஷன் கூட வந்து பார்க்கல. ஆனா எல்லாம் தெரிஞ்சுடுச்சு."

மழை பிடித்துக்கொண்ட பிறகு அர்ச்சனா வந்து சேர்ந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் குலுங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புது வீட்டு வாசலில் நின்றாள்.

"யம்மா, கதவத் தொறயேன். நனையுறேன்."

வேலம்மா மகளின் முகத்தைப் பார்க்காமல் கொட்டாயைக் காட்டினாள். கீற்றின் மேலே ராஜவேலு பிளாஸ்டிக் தாளை விரித்துக் கட்டினான். அப்படியும் கட்டிலின் தலைமாட்டில் சொட்டியது; கட்டிலை நகர்த்தினால் கால்மாட்டில் சொட்டியது. கைக்கெட்டும் தூரத்தில் ஒழுகாத கூரையை வைத்துக்கொண்டு பெண்ணை நனைய விடுகிறோமே என்று வேலம்மாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. வெள்ளைப் பெட்டிக்குக் காது இல்லை. ஹரிஹரனுக்கு இருந்தும் பிரயோசனம் இல்லை.

இந்த நிலையில்தான் அடுத்த செய்தி வந்தது. அர்ச்சனாவே படித்தாள்.

"வாழ்த்துகள் வேலம்மா! உங்கள் வீட்டில் சீரான குடும்ப வாழ்க்கை கண்டறியப்பட்டுள்ளது. விடுதி மீதான விசாரணை கைவிடப்படுகிறது. சிறு அசைவுகள் தென்படுவதால் குழந்தை பிறந்திருக்கலாம் எனக் கணிக்கிறோம். தாயும் சேயும் நலமுடன் வாழ்க. பயன்பாடு: மிகச் சிறப்பு."

அர்ச்சனா தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ராஜவேலு ஓடிப்போய் ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தான். அதாவது, அந்தப் பழைய காட்டுமிராண்டி முறை.

குப்பத்து வரிப்பூனை உள்ளே இருந்தது. காய்ந்த இறால் வாசனைக்குக் கம்பி இடுக்கில் புகுந்திருக்க வேண்டும். வலைக் குவியலின் மேல் சொகுசாகப் படுத்து, கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"என் வலை மேலயா!" என்றான் ராஜவேலு. பிறகு குரல் இறங்கி, "இந்த தபா பாடு பூனைக்கு வுழுந்திருச்சி" என்றான்.

வேலம்மா அட்டையைக் கதவில் காட்டிப் பார்த்தாள்; இன்னமும் சிவப்புதான். பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மாதிரி வீட்டுக்கு நடந்தாள். ராஜவேலு பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தான்.

ஹரிஹரன் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கம்மா, வாழ்த்துகள்! மாவட்டத்திலேயே உங்க வீடுதான் முதலிடம்."

"சந்தோசம் சார். உள்ள நான் நல்லா கீறேனாம். கதவத் தொறந்து வுட்டீங்கனா, நானும் போய் என்னோட இருந்துக்குவேன்."

ஹரிஹரன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "விடுதின்னா திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இப்ப அது குடும்பம் குடியிருக்கிற வீடும்மா. குடும்பம் உள்ள இருக்கும்போது வெளியில இருந்து திறக்க யாருக்கும் அதிகாரம் இல்ல. தனியுரிமை."

"உள்ள பூனை கீது சார்!" என்றாள் அர்ச்சனா.

"கருவி அப்படிச் சொல்லலையே."

"பூனைய வேணா கேட்டுப் பாக்கட்டுமா?" என்றான் ராஜவேலு.

"உள்ள இருக்கிறவங்க சம்மதிச்சா சட்டப்படி தடை இல்ல" என்றார் ஹரிஹரன், மிகுந்த நேர்மையோடு.

வேலம்மா சோபாவைத் தள்ளினாள். பூச்செடியைத் தூக்கி மூலையில் வைத்தாள். காய்ந்த தரையில் பாயை விரித்து மகளைப் படுக்க வைத்து, தலைக்குப் பிளாஸ்டிக் உறையோடு ஒரு சோபாத் திண்டை எடுத்துக் கொடுத்தாள். மாதிரி வீட்டின் கூரையில் அவ்வளவு நாளும் சும்மா கிடந்த வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஹரிஹரன் பதறிப்போனார். "அம்மா, அம்மா, இங்க மனுஷங்க தங்கக் கூடாது! இது மாதிரி வீடும்மா! வீட்டோட பயன்பாடு என்னன்னு மத்தவங்களுக்குக் காட்டறதுக்கு..."

"அத்தத்தான் சார் காட்டுறேன்" என்றாள் வேலம்மா, மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே. "நீங்க அன்னிக்கு சொன்னப்போ எனக்கு வெளங்கல. இப்ப நல்லா வெளங்கிடுச்சி. பயன் பூனைக்கு, பாடு எங்களுக்கு. அந்தப் பாடு மட்டும் சீட்டே போடாம எப்பவும் எங்க பேருக்குத்தான் சார் வுழுது."