சக்கரத்துக்கு ஒன்பது நாள் வைத்தியம்

அந்தச் சக்கரத்தைப் பின்னறையிலிருந்து கிளப்பாமல் ஓய்வதில்லை என்று மெக்கானிக் சபதம் எடுத்தபோது, அவர் குளியலறைக் கதவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சாய்வு நாற்காலியை அங்கேதான் தூக்கிப் போட்டிருந்தார்கள். போட்டது வேறு யார், கட்டின மனைவிதான்.

கோபம் வராதா? மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று ஊரில் செத்ததெல்லாம் அவர் கடை மேஜைக்குத்தான் வரும். அத்தனைக்கும் உயிர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று யாரும் எதையும் நீட்டாத ஒரே இடம் பின்னறை. இப்போது அங்கே மின்சாரத்தில் சுற்றும் மண்பாண்டச் சக்கரம் ஒன்று கொலுவீற்றிருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஓவிய டீச்சரிடம் மனைவி வாங்கிய பழைய சரக்கு. பெடலை மிதித்தால் மேலே தட்டு சுற்றும். அதில் களிமண்ணை வைத்துக் கிண்ணம் செய்வாளாம்.

"வீட்டுல கிண்ணத்துக்கு என்ன பஞ்சம்?"

"நாற்காலிக்கும்தான் பஞ்சமில்லை. ஆறு கிடக்கு. உட்கார்றது நீங்க ஒருத்தர்."

"வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க. உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலை, அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, மெக்கானிக் பெடலின் அடிமூடியைக் கழற்றினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு மூன்று ஒயர் வரும். நடு ஒயரைச் சூடு காட்டிப் பிரித்து, ஓரமாக மடக்கி வைத்து, மூடியைத் திருகிவிட்டார். இனி விளக்கு எரியும், தட்டு சுற்றாது. சில நாள் ரிப்பேர் பார்ப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு, "போர்டு போச்சு, பார்ட்ஸ் கிடைக்காது" என்று கையை விரித்தால் முடிந்தது. பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான்.

சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, சக்கரம் சுத்தல."

"பழைய சாமான் வாங்கினா அப்படித்தான்."

"எதிர்க்கடை அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டட்டுமா?"

மெக்கானிக்குக்குக் காது மடல் கொதித்தது. எதிர்க்கடைக்காரன் பதினோரு வருஷமாக அவர் கடைக்கு நேர் எதிரே மேஜை போட்டு, பாதி வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டவன். 'மெக்கானிக் வீட்டு மெஷினுக்கே நான்தான் போனேன்' என்று அவன் ஒரு டீக்கடையில் வாயைத் திறந்தால் போதும். அப்புறம் ஒரு டார்ச் லைட்கூட இந்தப் பக்கம் வராது.

"அவன் கால் இந்த வாசல்ல படக் கூடாது. நான் பார்க்கிறேன்."

"நீங்க பார்த்தா சரிதான்," என்றாள்.

பார்த்தார். மல்டிமீட்டரின் முள்ளை அங்கும் இங்கும் ஆட்டினார். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றி மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நாளைக் கடத்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதையும் மனைவியே எடுத்துக் கொடுத்தாள்.

"இந்த ரூமுக்கு எர்த் சரியில்லையோ?"

"அதேதான். எர்த் இல்லாம போர்டு எப்படி வேலை செய்யும்?" என்று அடித்துவிட்டார்.

அடித்துவிட்ட பாவத்துக்கு, இரண்டு சாயங்காலம் முட்டி தேயத் தவழ்ந்து, மெயின் போர்டிலிருந்து பின்னறைக்குத் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டியதாயிற்று. தட்டு சுற்றவில்லை.

"ஈரக்கையோட தொடுற ஸ்விட்ச், இவ்வளவு தாழ்வா இருக்கலாமா?"

சுவரைக் கொத்தி ஸ்விட்சை ஏற்றினார். கண்ணிலும் மூக்கிலும் சிமெண்டுத் தூள். தும்மிக்கொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே தும்மினார்.

"பொடி ஒயரெல்லாம் கண்ணுக்குத் தெரியணும்னா மேல ஒரு லைட் வேணாமா?"

அதையும் மாட்டினார். பிறகு தரை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்றாள். மட்டப்பலகை வைத்துச் சமன் செய்தார். இடைஞ்சல் என்று பீரோவை நகர்த்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இவளுக்கு எர்த்தும் மட்டமும் எங்கிருந்து தெரியும் என்று ஒருமுறை தோன்றாமல் இல்லை. பதினெட்டு வருஷம் தன்னோடு குப்பை கொட்டியதில் வந்த ஞானம் என்று நினைத்துக்கொண்டார். அதில் கொஞ்சம் பெருமைகூட.

எட்டாம் நாள் பொறுமை போயிற்று. கடையில் உழைப்பு, வீட்டில் உழைப்பு, உட்காரப் போனால் வாஷிங் மெஷின் தடதடவென்று முதுகில் இடிக்கிறது. ஸ்பேனரை வீசி எறிந்தார்.

"போர்டு செத்துப் போச்சு. இரும்புக்காரன்கிட்ட போடு."

"உங்களாலயே முடியலையா?"

"எவனாலயும் முடியாது."

"சரிங்க. எதுக்கும் நாளைக்குப் பத்து மணிக்கு எதிர்க்கடை அண்ணனை வரச் சொல்லிட்டேன். அவரும் முடியாதுன்னா போட்டுடலாம்."

மெக்கானிக் கத்தினார். மானம் போச்சு, வீடா இது, நான் என்ன செத்தா போயிட்டேன் என்று தொண்டை கட்டும் வரை கத்தினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பத்து மணிக்குன்னு சொன்னேன்ல, கொஞ்சம் சட்டை போட்டுக்கிட்டு இருங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவன் பெடலைத் திறந்தால் தீர்ந்தது. பிரித்த ஒயர் பல்லை இளிக்கும். 'வேணும்னே கழட்டியிருக்கு' என்பான். அறை போனால் போகட்டும், பெயர் போகக் கூடாது. ஒன்பதாம் நாள் காலை அவள் காய்கறி வாங்கப் போனதும், மெக்கானிக் ஒயர் ஒட்டுகிற சாலிடரிங் அயர்னைச் சூடேற்றிக்கொண்டு பெடலைத் திறந்தார்.

மூன்று ஒயரும் ஒழுங்காக இருந்தன. நடு ஒயரில் புதுச் சாலிடர் மின்னியது.

பெடலை மிதித்தார். விளக்கு எரிந்தது. தட்டு அசையவில்லை. இப்போது நிஜமாகவே வியர்த்தது. பிரஷ்ஷைப் பார்த்தார், சரி. பெல்ட், சரி. போர்டை மீட்டர் வைத்துப் பார்த்தார், அதுவும் சரி. ஒன்பது நாளில் முதல்முறையாக உண்மையான ரிப்பேர், கண்டுபிடிக்க முடியவில்லை. பத்துக்கு ஐந்து நிமிஷம். சக்கரத்தை ஓர் உதை விட்டார். கால்தான் வலித்தது.

மனைவி பையோடு உள்ளே வந்தாள். குனிந்து, தட்டுக்கு அடியில் இருந்த சின்ன ஸ்விட்சை ஒரு பக்கமாகத் தட்டினாள். தட்டு கம்மென்று சுற்றியது.

"இடம் வலம் மாத்துற ஸ்விட்ச். நடுவுல வச்சா எந்தப் பக்கமும் சுத்தாது. தினமும் நீங்க வர்ற நேரத்துக்கு நடுவுல வச்சிடுவேன்."

"அப்போ பகல்ல?"

"பகல்ல சுத்தும். கட்டிலுக்கு அடியில பதினாலு கிண்ணம் இருக்கு, பாருங்க."

"அந்த ஒயரைச் சேர்த்தது யாரு?"

"எதிர்க்கடை அண்ணன்தான். முதல் நாளே வந்தாரு. ரெண்டு நிமிஷ வேலை. எர்த் இழுக்கணும், ஸ்விட்சை ஏத்தணும், லைட் போடணும், தரையைப் பார்க்கணும்னு எல்லாம் சொல்லிட்டுத்தான் போனாரு."

அந்த முதல் நாள் மதியம் எதிர்க்கடை அரை மணி நேரம் பூட்டிக் கிடந்ததும், அவனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்று தான் மனம் குளிர்ந்துபோனதும் மெக்கானிக்குக்கு ஞாபகம் வந்தது.

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு வர்றான்?"

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"நீங்க செஞ்ச வேலையெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பார்க்கத்தான்."